ஹைபிரிட் வண்டிக்கு 16 இன்ச் வீலா, 18 இன்ச் வீலா? நம்ம வடசென்னை ரோட்டுக்கு எது சரி?

கல்மண்டபம்_வீடு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர். பத்து வருஷம் ஓட்டிய சின்ன காரைக் கொடுத்துவிட்டு இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) எடுப்பதாக முடிவு செய்துவிட்டோம். அது எஸ்யூவியா எம்பிவியா என்ற விவாதம் எனக்கு முக்கியம் இல்லை, ஆறு பேரும் உட்கார வேண்டும், அவ்வளவுதான். என் சந்தேகம் வீல் பற்றியது.

வி.எக்ஸ் வேரியண்ட் எடுத்தால் 16 இன்ச், டயர் 205/65 ஆர்16. இசட்.எக்ஸ் எடுத்தால் 18 இன்ச், டயர் 225/50 ஆர்18. ஷோரூம் தம்பி, "18 இருந்தால்தான் மேடம் வண்டிக்கு லுக்கே" என்கிறார். வீட்டுக்காரருக்கும் மனசு 18 பக்கம்தான்.

எனக்கு அப்பாவை நினைத்தால்தான் கவலை. இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வருகிறது என்றாலே, இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்கிக்கொள்வார். தண்டவாளம் தாண்டிய பிறகுதான் இறங்குவார். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

தினசரி ஓட்டம் ராயபுரம், தண்டையார்பேட்டை, மணலி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆரணி. ஹைபிரிட் என்பதால் வீல் அளவு மைலேஜையும் தொடுமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மணலி_ஷிப்ட்

அக்கா, 16 எடுங்கள். காரணம் சொல்கிறேன்.

என்னுடையது ஹைபிரிட் இல்லை, பெட்ரோல் எஸ்யூவி. டயர் 215/55 ஆர்18. போன மழைக்காலத்தில் இரவு ஷிப்ட் முடிந்து எர்ணாவூர் வழியாக வந்தேன். ரோடு முழுக்கத் தண்ணீர். முன்னால் டிரெய்லர் லாரி. வேகம் முப்பதுகூட இருக்காது. இடது முன் சக்கரம் எதிலோ இறங்கி ஏறியது. சத்தம் டொம் என்று இல்லை, இரும்பில் சுத்தியல் அடித்த மாதிரி ணங் என்று கேட்டது. இறங்கிப் பார்த்தேன், காற்று இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டையைப் பாதியாக அறுத்து ஒட்டிய மாதிரி ஒரு வீக்கம். பஞ்சர் கடை அண்ணன் கட்டைவிரலால் அழுத்தினார். பஞ்சு மாதிரி அமுங்கித் திரும்ப எழும்பியது. "உள்ளே நூல் அறுந்துடுச்சு தம்பி, இதுக்கு வைத்தியம் கிடையாது. இதோட ஹைவே பக்கம் போயிடாதே" என்றார். டயர் ஓடியது 9,000 கிலோமீட்டர்தான். வாரண்டி கேட்டேன், பள்ளத்தில் அடிபட்டது வாரண்டியில் வராது என்றார்கள். ரிம் உதடும் வளைந்திருந்தது. ஸ்டாக் இல்லாமல் டயர் வர நாலு நாள் ஆனது.

அதே ரோட்டில் என் மச்சான் 16 இன்ச் வண்டி ஓட்டுகிறான். மூன்று வருஷமாக ஒரு வீக்கம்கூட இல்லை.

மாதவரம்_நெல்லூர்_சர்வீஸ்

நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹைகிராஸ் இசட்.எக்ஸ் (ஓ), 18 இன்ச், 38,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. வாரம் ஒரு தடவை ஜி.என்.டி ரோடு வழியாக நெல்லூர். தடா தாண்டி வேகம் பிடித்து லேன் மாறும்போது வண்டி ஆடாமல் நிற்கும். 16 போட்ட நண்பர் வண்டியை அதே ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் திருப்பத்தில் உடம்பு கொஞ்சம் தாமதமாகத் திரும்புவது கைக்குத் தெரியும்.

இன்னொன்று. தானாகப் பிரேக் பிடிப்பது, லேன் விட்டு விலகினால் எச்சரிப்பது எல்லாம் இசட்.எக்ஸ் (ஓ)வில்தான் வருகிறது. ராத்திரி ஹைவேயில் ஒரு தடவை அது என்னைக் காப்பாற்றியது. ஆகவே வீலை மட்டும் பார்த்து வேரியண்டை முடிவு செய்யாதீர்கள். இதுவரை எனக்கு ஆன சேதம் ஒரு ரிம் வளைந்தது மட்டும். அதுவும் மூலக்கடைக்குப் பக்கத்தில் மூடி இறங்கிய மேன்ஹோலில்.

கல்மண்டபம்_வீடு

நன்றி அண்ணா. நான் பார்ப்பது வெறும் இசட்.எக்ஸ். (ஓ) எங்கள் பட்ஜெட்டில் வராது. அதனால் அந்தப் பாதுகாப்பு வசதிகள் எனக்கு இரண்டிலுமே கிடைக்காது. இசட்.எக்ஸில் நடு வரிசையில் காலை நீட்டிக்கொள்ளும் சீட் வருகிறது. அப்பாவுக்கு அது உதவுமே என்றுதான் 18 பக்கமும் யோசிக்கிறேன். சீட் நல்லது, டயர் கெட்டது என்றால் என்ன செய்வது?

பழைய_டயர்காரர்_டோல்கேட்

அம்மா, திருவொற்றியூரில் டயர் ஃபேக்டரியில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். 1946-ல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்து ஆரம்பித்ததுதான் பின்னால் எம்ஆர்எஃப் ஆனது, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. ரப்பர் நம்ம பக்கத்து விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டயர் பக்கத்தில் இருக்கும் எண்ணை முதலில் வாசிக்கக் கற்றுக்கொள். 225/50 ஆர்18. 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது அந்த அகலத்தில் ஐம்பது சதவீதம், அதுதான் பக்கச் சுவரின் உயரம். 225-ல் பாதி 112 மி.மீ. அடுத்து 205/65 ஆர்16. 205-ல் அறுபத்தைந்து சதவீதம் 133 மி.மீ. ஆக ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் உனக்கு 18-ல் கிடைப்பதைவிட 16-ல் 2 சென்டிமீட்டர் அதிகம் ரப்பரும் காற்றும் கிடைக்கிறது. விரலை வைத்துப் பார், இரண்டு சென்டிமீட்டர் எவ்வளவு என்று. பள்ளத்தின் விளிம்பு டயரை நசுக்கி ரிம்மைத் தொடுவதற்கு முன்னால் அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கடக்க வேண்டும். நம்ம ரோட்டில் அதுதான் தலையெழுத்து.

மணலித் தம்பி சொன்ன வீக்கம் இப்படித்தான் வரும். பக்கச் சுவருக்குள் பாலியெஸ்டர் நூல்கள் ரிம் பக்கத்திலிருந்து மேல் நோக்கி வரிசையாக ஓடும். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, அந்த நூல்தான். ரிம் ஒரு பக்கம், பள்ளத்தின் விளிம்பு மறுபக்கம், நடுவில் பாக்குவெட்டியில் மாட்டிய பாக்கு மாதிரி நூல் அறுகிறது. அறுந்த இடத்தில் வெறும் ரப்பர்தான் மிச்சம். காற்று அதை வெளியே தள்ளுகிறது. ஒட்டுப் போட முடியாது, வல்கனைஸ் செய்ய முடியாது. அன்றைக்கே டயரைக் கழற்ற வேண்டியதுதான்.

இனி ஹைபிரிட் விஷயம். சாதாரண வண்டியில் பிரேக் பிடித்தால் சக்தி எல்லாம் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட் அதில் ஒரு பங்கைப் பிடித்து பேட்டரியில் போடுகிறது. அதனால்தான் மிண்ட், வண்ணாரப்பேட்டை நெரிசலில் நின்று நின்று போனாலும் மைலேஜ் தருகிறது. ஆனால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும்போது போகும் சூடு இருக்கிறதே, அதை எந்த மோட்டாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. காற்றை எதிர்த்துப் போவதும் அப்படியே. பிரேக்கில் போவதை மிச்சம் பிடித்த பிறகு, டயரில் போவதன் பங்கு செலவுக் கணக்கில் பெரிதாகத் தெரியும். ஆகவே ஹைபிரிட் எடுப்பவர் டயரை மற்றவர்களைவிட அதிகமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். ரிம் பெரிது என்பதால் மட்டும் மைலேஜ் குறையாது. சுவர் குட்டையானால் அது வளைவதும் குறைவு. குறைப்பது எது என்றால், 18-ல் வரும் டயர் அகலமாக இருக்கும், பிடிப்புக்காகச் செய்த ரப்பராக இருக்கும், ரிம்மும் டயரும் சேர்ந்து எடையும் பெரும்பாலும் கூடும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதைச் சுழற்ற வேண்டும், ஒவ்வொரு மேட்டிலும் அதைத் தூக்கி இறக்க வேண்டும். உன் அப்பாவின் இடுப்புக்குப் போய்ச் சேருவது அந்த அடிதான். ஹைகிராஸில் பின்னால் டார்ஷன் பீம், இடது வலது சக்கரங்கள் ஒரே குறுக்குச் சட்டத்தில் கட்டியவை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் கொஞ்சம் உணரும். அந்த மாதிரி சஸ்பென்ஷனுக்கு உயரமான பக்கச் சுவர் பெரிய துணை.

மழைக்கும் ஒரு வார்த்தை. அகல டயர் தண்ணீரை விலக்க அதிகம் பாடுபடும். அதே காற்றழுத்தம், அதே பட்டன் (ரோட்டில் படும் வரிகள்) ஆழம் என்றால், அகலமானது சீக்கிரம் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி ஓட்டம் போட்ட தடத்தில் தண்ணீர் வரிசையாக நிற்கும், பார்த்திருப்பாய்.

என் முடிவு 16. அப்பாவுக்கு சீட் வேண்டும் என்றால் டெஸ்ட் டிரைவில் அவரையே உட்கார வைத்துப் பார். காகிதத்தில் முடிவு செய்யாதே.

வியாசர்பாடி_டு_சிகாகோ

ஐயா சொன்ன மைலேஜ் விஷயத்துக்கு ஒரு சாட்சி என்னிடம் இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் ஒரே வண்டி, ஒரே என்ஜின் என்றாலும் வீல் அளவும் வேரியண்டும் மாறினால் சில மாடல்களுக்கு மைலேஜைத் தனித்தனியாக அரசு அட்டையில் போடுவார்கள். 2023-ல் வந்த புது டொயோட்டா பிரியஸ் முன்சக்கர டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். 17 இன்ச் வீல் உள்ள எல்.இ வேரியண்டுக்கு கேலனுக்கு 57 மைல். 19 இன்ச் உள்ள மேல் வேரியண்டுகளுக்கு 52 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 24.2 கிலோமீட்டர், 22.1 கிலோமீட்டர். டயர் அகலம் இரண்டிலும் 195-தான். மேல் வேரியண்டில் எடையும் சாமானும் கொஞ்சம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் சின்ன விஷயம் இல்லை.

நான் இங்கே ஹோண்டா சி.ஆர்.வி ஹைபிரிட் வைத்திருக்கிறேன். 18 இன்ச்சில் 235/60, 19 இன்ச்சில் 235/55 என்று இரண்டு உண்டு. நான் 18 எடுத்தேன். பனிக்காலம் முடிந்தால் இங்கே ரோடு வியாசர்பாடி மழைக்குப் பிந்தைய ரோட்டைவிட மோசமாக இருக்கும், நம்பினால் நம்புங்கள். பனி உருகி விரிசலில் இறங்கி, திரும்ப உறைந்து ரோட்டைப் பிளந்துவிடும். முதல் வருஷமே அந்தச் சுவர் உயரம் என் பணத்தைக் காப்பாற்றியது.

ஒன்று கவனியுங்கள் சகோதரி. அங்கே 18 "பெரிய வீல்", இங்கே எனக்கு 18 "சின்ன வீல்". அதனால் இன்ச்சைப் பார்க்காமல், ஐயா சொன்ன மாதிரி பக்கச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். என் 18-ல் 141 மி.மீ இருக்கிறது. ஹைகிராஸ் 18-ல் 112.

மாதவரம்_நெல்லூர்_சர்வீஸ்

இந்த 112, 141 ஒப்பீடு கண்ணைத் திறந்தது. நான் இன்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு இங்கே கம்பெனி சொல்லும் மைலேஜ் 23.24 ஒன்றே ஒன்றுதான். 16-க்குத் தனி, 18-க்குத் தனி என்று இல்லை. நமக்கு வித்தியாசம் வண்டி ஓட்டித்தான் தெரியும். எனக்கு டவுனில் 17, 18 வருகிறது, நெல்லூர் ரோட்டில் ஏ.சியோடு 16.

பெரம்பூர்_டிராவல்ஸ்

எங்களிடம் ஹைகிராஸ் 16 இன்ச் இரண்டு வண்டி ஓடுகிறது. ஏழு பேர், மேலே லக்கேஜ், திருப்பதி. மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

டயர் மாற்றும்போது 16 எந்தக் கடையிலும் கிடைக்கும். மாதவரத்தில் இல்லையென்றால் ரெட்ஹில்ஸில் இருக்கும், வேலூரில் நடுராத்திரியிலும் இருக்கும். 225/50 ஆர்18 அப்படி இல்லை. ஒரு டயரின் விலையிலேயே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் உண்டு, நாலு டயருக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காற்று: டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். அதில் என்ன போட்டிருக்கிறதோ அதை வையுங்கள். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாத நேரத்தில் பிடிக்க வேண்டும். மைலேஜ் வேண்டும் என்று நாலைந்து பாயிண்ட் ஏற்றி வைத்தால் பள்ளத்தில் அடி இன்னும் பலமாக விழும்.

ஸ்டெப்னி என்ன அளவு என்று டெலிவரிக்கு முன் திறந்து பாருங்கள். காற்றழுத்தம் காட்டும் சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே விற்கலாம் என்று 2020-ல் விதி மாற்றினார்கள். அதனால் எந்த வண்டியிலும் கேட்காமல் நம்பாதீர்கள். பஞ்சர் கிட் பசை ஆணி குத்தினால் அடைக்கும், பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. மணலி ரோட்டில் கிழிவதும் அதுதானே.

காசிமேடு_கரை

யாரும் சொல்லாத ஒன்று. உப்பு.

நான் மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். 18 இன்ச்சில் வரும் அலாய் பெரும்பாலும் இரண்டு நிறம், முகப்பை மெஷினில் சீவிப் பளபளப்பாக்கி மேலே லேக்கர் பூசியது. நடைபாதைக் கல்லில் லேசாக உரசினால் போதும், அந்த லேக்கரில் மயிரிழை அளவு கீறல் விழும். நம்ம உப்புக்காற்று அதில் நுழைந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் லேக்கருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். தேய்த்தால் போகாது, அடியில் அலுமினியம் அரிக்கிறது. சரிசெய்ய வேண்டும் என்றால் திரும்பச் சீவ வேண்டும், ஒவ்வொரு தடவை சீவும்போதும் உலோகம் குறையும்.

16-ல் வருவது சாதாரண சில்வர் பெயிண்ட் அலாய். கீறினாலும் பெயிண்ட் அடித்துவிடலாம். என் பழைய வண்டியின் சில்வர் ரிம் எட்டு வருஷம் கடற்கரையில் நின்றும் நன்றாக இருக்கிறது. வாரம் ஒரு முறை வெறும் தண்ணீரில் வீலைக் கழுவுங்கள், உள்பக்கத்தையும் சேர்த்து.

கொளத்தூர்_கிராண்ட்விட்டாரா

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். என்னுடையது கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட், 215/60 ஆர்17. வெளியில் 18 இன்ச் அலாய் போடலாம் என்று கடையில் விலை பேசி முன்பணம் கொடுக்க இருந்தேன். 215/55 ஆர்18 போட்டால் வெளி விட்டம் ஏறக்குறைய அதே அளவு, ஸ்பீடோமீட்டரும் மாறாது என்றார் கடைக்காரர். உண்மையா ஐயா?

பழைய_டயர்காரர்_டோல்கேட்

விட்டத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மை. உன் 17-ன் மொத்த விட்டம் 690 மி.மீ, அவர் சொல்லும் 18-ன் விட்டம் 694. ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரியாது. ஆனால் தம்பி, விட்டம் அதே, ரிம் மட்டும் பெரிது என்றால் நடுவில் எது குறைந்தது? பக்கச் சுவர்தான். 129-லிருந்து 118-க்கு வருகிறது. 11 மி.மீ காசு கொடுத்து இழக்கிறாய்.

சிலர் 225/55 ஆர்18 போடச் சொல்வார்கள். அதில் சுவர் ஓரளவு திரும்பக் கிடைக்கும், ஆனால் விட்டம் 705 ஆகிவிடும், 2 சதவீதத்துக்கு மேல் பெரிது. மீட்டர் 98 என்று காட்டும்போது நிஜமாக 100 ஓடியிருப்பாய். மைலேஜ் கணக்கும் தப்பும், குறைந்து காட்டும். முழு ஸ்டியரிங் ஒடித்தால் உள்ளே எங்காவது உரசலாம். வெளி ரிம்மின் எடை என்ன, சுமை தாங்கும் அளவு என்ன என்று கேட்டால் பல கடைகளில் பதில் வராது.

டயரில் எண்ணுக்குப் பின்னால் 96ஹெச் என்ற மாதிரி இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். 91 என்றால் 615-தான். அளவு ஒன்றாக இருந்தும் இந்த எண் குறைந்த டயரைத் தலையில் கட்டிவிடுவார்கள். உன் வண்டியில் கம்பெனி போட்டது என்னவோ அதற்குக் கீழே போகவே கூடாது.

17 நல்ல அளவு. மாற்றாதே. அந்தப் பணத்தை அடுத்த தடவை நல்ல டயருக்குப் போடு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற மாதிரி நட்சத்திர லேபிள் இப்போது டயருக்கும் வருகிறது, உருளும்போது எவ்வளவு சக்தி தின்கிறது என்பதை வைத்துக் கொடுப்பது. ஹைபிரிட்காரர் அதைப் பார்த்து வாங்கலாம்.

கொளத்தூர்_கிராண்ட்விட்டாரா

முன்பணம் கொடுக்கவில்லை. நன்றி ஐயா. கல்மண்டபம் சகோதரிக்கு ஒரு தகவல்: ஹைகிராஸின் உடன்பிறப்பு மாருதி இன்விக்டோ, 2023-ல் வந்தது. அதே வண்டி, அதே ஹைபிரிட், ஆனால் வீல் 17 இன்ச், என் அளவேதான், 215/60 ஆர்17. நடுவழி வேண்டும் என்றால் அதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

மணலி_ஷிப்ட்

அக்கா, டெஸ்ட் டிரைவுக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். டெமோ வண்டி பெரும்பாலும் டாப் எண்ட்தான் இருக்கும். நீங்கள் வாங்கப் போகிற வீல் இருக்கிற வண்டியைத் தரச் சொல்லி நில்லுங்கள். ஷோரூமைச் சுற்றி இருக்கிற நல்ல ரோட்டில் ஓட்டிவிட்டு வராதீர்கள். நம்ம ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள். எஞ்சின் அணைந்து மோட்டாரில் மட்டும் போகும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள், டயர் சத்தம் அப்போதுதான் தனியாகத் தெரியும்.

கல்மண்டபம்_வீடு

எல்லோருக்கும் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மூன்றையும் ஓட்டிவிட்டோம்.

முதலில் ஷோரூமில் 16 இன்ச் டெமோ இல்லை என்றார்கள். மணலித் தம்பி சொன்ன மாதிரி நின்றேன். வேறு கிளையிலிருந்து வரவழைத்தார்கள், இரண்டு நாள் ஆனது. சனிக்கிழமை காலையில் 18, மத்தியானம் இன்விக்டோ, ஞாயிற்றுக்கிழமை 16. மூன்றுக்கும் ஒரே வழி: கல்மண்டபத்திலிருந்து டி.எச். ரோடு பிடித்துத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை கேட், திரும்பி எண்ணூர் விரைவுச் சாலையில் கொஞ்ச தூரம். அப்பா மூன்றிலும் நடு வரிசையில் இடது பக்கம். எது என்ன வீல் என்று அவரிடம் சொல்லவில்லை.

இசட்.எக்ஸ் சீட் அவருக்குப் பிடித்திருந்தது. காலை நீட்டிக்கொண்டார். முகத்தில் சந்தோஷம். கேட் வந்தது, கை ஊன்றித் தூக்கிக்கொண்டார். தண்டவாளத்தில் முன் சக்கரம் ஏறியதைவிடப் பின் சக்கரம் ஏறியதில்தான் அடி தெரிந்தது. டயர்காரர் ஐயா சொன்னது அப்படியே. காலை நீட்டியிருந்ததால் ஊன்றிக்கொள்ள அவருக்குத் தரை கிடைக்கவில்லை, அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. உடனே சீட்டை மடக்கச் சொன்னார்.

இன்விக்டோ நன்றாக இருந்தது, ஆனால் எங்களுக்கு வேண்டிய நிறத்துக்கு அதிகம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

16-ல் கேட் வந்தபோதும் பழக்கத்தில் கையை ஊன்றினார். தண்டவாளம் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, "தாண்டியாச்சா?" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அங்கேயே முடிவாகிவிட்டது. விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பக்கத்தில் ஊர்ந்து போகும்போது, மோட்டார் மட்டும் ஓடிய நேரத்தில், உள்ளே பேச்சு தெளிவாகக் கேட்டது. 18-ல் அதே இடத்தில் கரகரவென்று ஒரு சத்தம் இருந்தது.

நெல்லூர் அண்ணா சொன்ன திருப்பத்து விஷயம் உண்மைதான், 16-ல் வண்டி கொஞ்சம் சாய்ந்து திரும்புகிறது. ஆரணி ரோட்டில் நிதானமாகப் போகிறவர்கள் நாங்கள், எங்களுக்கு அது போதும். வி.எக்ஸ் 16 புக் செய்துவிட்டோம். மிச்சமான பணத்தில் அப்பாவுக்கு இடுப்புக்கு வைக்கும் நல்ல குஷன் ஒன்றும் வாங்கியாயிற்று.

மாதவரம்_நெல்லூர்_சர்வீஸ்

நல்ல முடிவு சகோதரி. என் டயர் பட்டன் தேய்ந்து மாற்றும் நேரம் வருகிறது. இன்விக்டோவின் 17 ரிம் என் வண்டிக்கு ஏறுமா ஐயா?

பழைய_டயர்காரர்_டோல்கேட்

கம்பெனி சர்வீஸில் எழுத்தில் வாங்காமல் போடாதே. பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) இடம், ரிம் ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி நிற்கும் என்பது), சுமை எண் மூன்றும் ஒத்துவர வேண்டும். உடன்பிறப்பு வண்டி என்பதால் மட்டும் உன் வேரியண்டின் பிரேக்குக்கு இடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லி வை.

கல்மண்டபம் அம்மா, டெலிவரி நாளன்று டயர் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், அதைப் பார். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம். நாலு டயரும் ஸ்டெப்னியும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். ஸ்டாக் யார்டில் வெயிலில் நின்ற வண்டி என்றால் பக்கச் சுவரில் விரலால் தடவிப் பார், மயிர்க்கோடு விரிசல் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்.

கல்மண்டபம்_வீடு

சரி ஐயா, குறித்துக்கொண்டேன். டெலிவரி வெள்ளிக்கிழமை. ஐந்து டயரின் எண்ணையும் போட்டோ எடுத்து இங்கேயே போடுகிறேன், நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.